தெரசா போகும் நாளில் மட்டும் குளிர்ந்த வீடு

தெரசாவுக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர்களை நலம் விசாரிப்பதற்கு முன்னால் சுவரை விசாரித்துவிடுவாள். புறங்கையை மெல்ல வைத்துப் பார்ப்பாள், கொஞ்சம் யோசிப்பாள், அப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?" கல்யாண மண்டபமோ, தாலுகா ஆபீஸோ, மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனோ, எதுவும் அந்தக் கைக்குத் தப்பியதில்லை. ஒருமுறை அவளுக்கு அமைய இருந்த மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கப் பெரியவர்கள் கிளம்பினார்கள். வழக்கத்துக்கு மாறாக இவளும் தொற்றிக்கொண்டு போனாள். போன இடத்தில் காபி டம்ளரை வாங்குவதற்குள் மேற்குச் சுவரில் கையை வைத்து, "இந்தச் செவுரு ராத்திரி வரைக்கும் சுடுமே, எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தச் சுவரும் இன்றுவரை சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் பிறந்தவள் தெரசா. சித்திரை மாதத்து மத்தியானத்தில் அந்த வீட்டுக்குள் நாய்கூட இருக்காது. குடும்பமே வேப்பமரத்தடிக்குப் போய்விடும். ஏழெட்டு வயதில் அவள் அப்பாவிடம் கேட்டாள், "நம்ம வூடு இப்படி வேவுது, கோயிலு மட்டும் ஏன்ப்பா குளுகுளுன்னு இருக்குது?" அந்த ஊர் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். "அங்க ஆண்டவரு இருக்காரு இல்ல" என்றார் அப்பா. "அப்ப நம்ம வூட்டுல இல்லியா?" என்று இவள் கேட்க, முதுகில் ஒன்று விழுந்தது. கோயிலின் சுவர் இரண்டடி கனம், கூரை உயரம், மேலே சூடு வெளியேறச் சின்னச் சின்ன ஜன்னல்கள் என்பதையெல்லாம் பாலிடெக்னிக்கில் படித்தபோதுதான் கண்டுபிடித்தாள். விடை கிடைத்தாலும் வாங்கிய அடி வாங்கியதுதான்.

படிப்பு முடிந்து ஓசூரில் ஒரு கட்டட காண்டிராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகக் கொஞ்ச காலம் கம்பியும் சிமெண்டும் எண்ணினாள். அங்கே கட்டிய அடுக்குமாடி வீடுகள் எல்லாவற்றிலும் சுவர் எழும்புவதற்கு முன்பே ஏ.சி. மாட்ட ஓட்டை விட்டார்கள். வீட்டை அடுப்பாகக் கட்டிவிட்டு அதற்குள் குளிர்பெட்டியை வைப்பானேன் என்று இவள் கேட்க, அங்கே யாருக்கும் நின்று பதில் சொல்ல நேரமில்லை. பிறகுதான் தர்மபுரியில் அருள்குமாரின் ஆபீஸில் சேர்ந்தாள். கரண்ட்டை அதிகம் தின்னாத வீடுகளைத் திட்டம் போட்டுக் கட்டிக்கொடுத்து, அதற்குப் பசுமை வீடு என்று சான்றும் வாங்கித் தருகிற சின்ன ஆபீஸ் அது. அதற்கான பரீட்சை எழுதி, அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் தகுதியையும் வாங்கினாள். சான்று தருகிற அமைப்பு ஒரு நல்ல விதி வைத்திருந்தது. வரைபடத்தை மட்டும் பார்த்துச் சான்று கிடைக்காது. வீடு கட்டி, ஆள் குடிபோய், ஒரு கோடையைத் தாண்டி, அந்தக் கோடையில் வீடு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று அளந்து காட்ட வேண்டும்.

இந்த விதிதான் அவளை தீர்த்தகிரி வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

தீர்த்தகிரி பஸ் டிரைவர். மொரப்பூரிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் அவருக்குக் கொஞ்சம் நிலமும் கிணறும் உண்டு. பயிரை மனைவி காவேரி பார்த்துக்கொள்வார். தீர்த்தகிரி ஓட்டுவது ராத்திரி பஸ். சாயங்காலம் தர்மபுரியில் எடுத்தால் தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் தாண்டி, திருச்சி போய்த் திரும்பிக் காலையில் வந்து சேரும். ஆகவே ஊர் முழுக்க விழித்திருக்கும் நேரம்தான் அவருக்குத் தூங்கும் நேரம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு வீட்டில் பகலில் படுக்க முடியாது. புங்க மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் ஈ மொய்க்கும். ஈயாவது சும்மா மொய்க்கும், போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, "என்ன தீர்த்தகிரி, தூங்குறியா?" என்று எழுப்பிக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

புது வீடு கட்ட ஆபீஸுக்கு வந்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு ஹாலு பெருசா வேணாம், டிசைனு வேணாம் மேடம். பகல்ல ஆறு மணி நேரம் அசந்து தூங்குறாப்பல ஒரு ரூமு வேணும். எம்பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்காங்க. அவுங்க தூங்கோணும்னா நான் தூங்கியிருக்கோணும்."

"ஏ.சி. இல்லாமலே தூங்க வெக்கிறேன்ணா" என்று தெரசா வாக்குக் கொடுத்தாள். அப்படி வாயால் வாக்குக் கொடுக்கும் வழக்கம் அந்த ஆபீஸில் கிடையாது. அருள்குமார் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார்.

காவேரிக்கும் ஒரு விருப்பம் இருந்தது. "போர்டிகோ வேணுமுங்க. போர்டிகோ இல்லாம அது என்ன வூடு?" தெரசாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பைக்கு நிற்பதற்கு அவ்வளவு கான்கிரீட்டா, அது வெயிலைக் குடித்துக்கொண்டு சும்மா கிடக்குமே என்று வாதாடிப் பார்த்தாள். காவேரி அசையவில்லை. சரி, வைத்துத் தொலையட்டும் என்று வரைந்தாள்.

இடம் பார்க்கப் போன நாளில் தெரசா திசைமானியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு பக்கம் மாமரங்கள், ஒரு பக்கம் கிணறு, நடுவே மேடாக, தட்டையாக, புல் முளைக்காத ஒரு இடம். மரம் ஒன்றையும் வெட்ட வேண்டாம், நீளப் பக்கம் வடக்கும் தெற்குமாக அமையும், தென்மேற்குக் காற்றும் தடையில்லாமல் வரும். "இங்கதான்" என்று காலால் கோடு கிழித்தாள். "இங்கியா?" என்று காவேரி ஏதோ கேட்க வாயெடுத்து, பிறகு, "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் காபி போட்டாறேன்" என்று போய்விட்டார்.

வீடு எழும்பியது. செங்கல்லை நிமிர்த்தி வைத்து, நடுவில் காற்றுக்கு இடம் விட்டு எழுப்பிய சுவர். வெயில் நேராக விழாதபடி ஜன்னலுக்கு மேலே அகலமான சன்ஷேடு. சூடான காற்று வெளியேறச் சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டை மாடி முழுவதும் வெள்ளை வெளேரென்று கூலிங் டைல்ஸ். மற்றது எப்படியோ, அந்த வெள்ளையைப் பார்க்க ஊரே வந்தது. மேலே போகிற ஏரோப்பிளேன்காரனுக்குக் கண் கூசும் என்று சிரித்தார்கள். இந்த வெள்ளை வெயிலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும், வீட்டுக்கு இதுதான் குடை என்று தெரசா தீர்த்தகிரியிடம் விளக்கினாள், கொத்தனாரிடம் விளக்கினாள், வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமும் விளக்கினாள். அந்த மூன்று தடவையும் காவேரி உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார்.

தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். மாசி தாண்டி, பங்குனி வெயில் ஏறியதும் தெரசா அளக்கக் கிளம்பினாள். போவதற்கு முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுவது அவள் மரியாதை. "அக்கா, நாளைக்கு வரேன், வூட்டுல இருப்பீங்களா?" "வாங்க மேடம், தாராளமா வாங்க."

போனால் வீடு பளிச்சென்று இருக்கும். வாசலில் பெரிய கோலம். உள்ளே தரையில் முகம் பார்க்கலாம். மாடிக்குப் போனால் வெள்ளை டைல்ஸ் அப்போதுதான் பதித்தது போல மின்னும். சுவரின் சூட்டை அளக்கிற துப்பாக்கி போன்ற கருவியை அவள் முதன்முதலில் எடுத்தபோது, காவேரி கொரோனா கால நினைப்பில் பட்டென்று நெற்றியை நீட்டினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியே முப்பத்தொன்பது டிகிரி கொளுத்தும்போது படுக்கையறைக்குள் முப்பத்தொன்றுதான். தெரசா சுவரில் புறங்கையை வைத்தாள். கோயில் சுவர் மாதிரி இருந்தது. பெருமையில் அவளுக்குக் கொஞ்சம் கண்கூடக் கலங்கியது.

தீர்த்தகிரி மட்டும் வேறு விதமாகக் கலங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தார். சிவந்து, கீழே பை கட்டியிருந்தது.

"இன்னிக்குப் பரவால்ல மேடம்" என்றார். "மத்த நாளெல்லாம் மத்தியானத்துக்கு மேல மேல இருந்து அனல் எறங்குதுங்க. தாய்ச்சட்டியில போட்டு வறுக்கறாப்பல இருக்குது. பொரண்டு பொரண்டு படுத்து எந்திரிச்சுப் போயிடறேன்."

தெரசா நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. மணிக்கு மணி சூட்டைத் தானே குறித்துவைக்கிற, தீப்பெட்டி அளவு வெள்ளைக் கருவி ஒன்றைப் படுக்கையறை பீரோவின் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டு வந்தாள். இரண்டு வாரம் கழித்து எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது கோடு ஏறி இறங்கிக் காட்டியது. பெரும்பாலான பிற்பகல்களில் முப்பத்தைந்து, சில நாள் அதற்கும் மேலே. நடுநடுவே அவள் போய்வந்த நாட்களில் மட்டும் சாதுவாக முப்பத்தொன்று.

அருள்குமார் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன் ராசி தெரசா. பேசாம நீ அங்கயே போய்க் குடியிருந்துடு, ஏ.சி. செலவு மிச்சம்."

"கிண்டல் பண்ணாதீங்க சார். எங்கியோ இடிக்குது."

"எங்கயும் இடிக்கல. கருவி கோளாறா இருக்கும். நீ போனப்ப நேர்ல அளந்தது சரியா இருந்துச்சில்ல? அதப் போட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நம்ம மாவட்டத்துல நாம வாங்குற மொத சான்று இது."

"நான் போகாத நாள்லதான சார் அவரு தூங்கணும்?"

அருள்குமார் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார். கெட்டவர் இல்லை அவர், அவசரக்காரர், அவ்வளவுதான்.

தெரசாவை அந்தக் கோடு பிடித்து ஆட்டியது. சோறு பிசையும்போது அது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது. கருவியை மாற்றிப் பார்த்தாள், புதியதும் அதையே சொன்னது. மேற்கு ஜன்னலைத் திறந்துபோடுகிறார்களோ என்று கேட்டாள், இல்லையாம். பக்கத்தில் அடுப்பு, பிரிட்ஜ்? இரண்டும் மறுகோடியில். சுவருக்குள் விட்ட காற்றறையில் கொத்தனார் கலவையைக் கொட்டி அடைத்துவிட்டாரோ என்று சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தாள். அடைத்திருந்தால் அவள் போகும் நாளிலும் அல்லவா சுட வேண்டும்? "மாடியில ஏதாச்சும் பண்ணீங்களாக்கா?" என்று காவேரியிடமே கேட்டாள். "ஒண்ணும் பண்ணலீங்களே. சுத்தமா வெச்சிருக்கறமுங்க" என்றார் காவேரி. அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. பொய் சொல்கிற முகம் தெரசாவுக்குத் தெரியும், ஓசூர் காண்டிராக்டரிடம் வேலை பார்த்தவள் அவள்.

சித்திரை பாதியில் தீர்த்தகிரி அவராகவே போன் பண்ணினார். குரல் கம்மியிருந்தது.

"மேடம், நேத்து தொப்பூர் எறக்கத்துல ஒரு நிமிசம் கண்ணு சொக்கிருச்சுங்க. கண்டக்டரு கத்துனதுல முழிச்சுட்டேன். முன்னாடி ஒரு லாரி. நல்ல நேரம், பிரேக்கு புடிச்சுது. யாருக்கும் ஒண்ணுமில்ல. உங்களக் கொற சொல்லலீங்க. ஆனா இப்படியே போனா நான் பஸ்ஸு எடுக்க மாட்டேன். எடுக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

தெரசா போனை வைத்தாள். அதுவரை அது அவளுக்கு ஒரு புதிராக இருந்தது, அதை நோண்டுவதில் ஒரு ருசியும் இருந்தது. அந்த ருசியை நினைத்து இப்போது வெட்கப்பட்டாள். ஆனாலும் புதிரை அவிழ்க்காமல் அவரைத் தூங்கவைக்க வழியில்லை. மறுபடியும் அந்தக் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை தான் போன நாளைப் பார்க்காமல் அதற்கு முந்தின நாளைப் பார்த்தாள். அவள் போவதற்கு முதல் நாள் சாயங்காலமே, மற்ற நாட்களைவிட வேகமாக, வீடு குளிர ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அது அவள் போன் பண்ணுகிற நாள்.

ஆள் வருவதற்கு முன்னாலேயே, போன் வந்ததும் குளிர்கிற வீடா? மறுநாள் யாருக்கும் போன் பண்ணவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் கிளம்பிவிட்டாள்.

வாசலில் கோலமில்லை. போர்டிகோவில் வைக்கோல் சிதறிக் கிடந்தது. கூப்பிட்டால் உள்ளே படுத்திருப்பவர் எழுந்துவிடுவார் என்று, சத்தமில்லாமல் வெளிப்படியில் ஏறி மாடிக்குப் போனாள். கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

வெள்ளையைக் காணோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மாடி முழுக்கச் சாணி மெழுகிக் காய்ந்து கிடந்தது. அதன் மேல் செக்கச்செவேலென்று கேழ்வரகு பரப்பியிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காவேரி காலாலேயே தானியத்தைக் கோடு கோடாகக் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தவர் தெரசாவைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனார்.

"ஐயையோ மேடம், போன் பண்ணாம வந்துட்டீங்களே! செத்த கீழ போயி உக்காருங்க. வாரி மூட்டையில கட்டிட்டு, தண்ணி புடிச்சுக் கழுவி வுட்டுடறேன். ஒரு நிமிசந்தான்."

கழுவி விடுவது என்ற அந்த ஒரு வார்த்தையில் புதிர் அவிழ்ந்துபோயிற்று. தெரசா ஷூவைக் கழற்றிவிட்டுச் சாணித் தரையில் காலை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். கருவியே வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரோரம் மெழுகாமல் விட்டிருந்த ஒரு முழ வெள்ளையில் போய் நின்றாள். அங்கே தாராளமாக நிற்க முடிந்தது.

"எதுக்குக்கா சாணி?"

"வெறுந்தரையில தானியத்தக் கொட்டலாமுங்களா?" காவேரிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "மொதல்ல அப்படியேதான் ஒரு படி போட்டுப் பாத்தேன். இந்த ஓடு சில்லுனு கெடக்குது, ரெண்டு நாளானாலும் ஈரம் போவல. அப்பறம் நல்லா கெட்டியா ரெண்டு தரம் மெழுவுனேன். அதுக்கப்பறந்தான் சூடு புடிச்சுது, நல்லாக் காயுது."

"நான் வர்றப்ப மட்டும் ஏங்க்கா கழுவுனீங்க?"

காவேரி தயங்கினார். "நீங்க ஷூ போட்டுக்கிட்டு, ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு வர்றீங்க. டவுனு ஆளு. சாணித் தரையில ஏத்துனா மூக்கப் பொத்துவீங்கன்னு... வூட்டுக்கு வர்றவங்களுக்குச் சுத்தமா வெக்கோணுமில்லீங்களா?"

தெரசாவுக்குச் சுருக்கென்றது. "எங்க அம்மா வூட்டு வாசலுக்கு இன்னிக்கும் சாணிதான்க்கா. ஊருக்குப் போனா சனிக்கிழமை கரைக்கிறது நான்தான்" என்றாள். காவேரி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இத்தனை நாள் வந்துபோனது வேறு யாரோ என்பது போலப் பார்த்தார்.

"ஊரெல்லாம் ரோட்டுலதானக்கா காயப் போடறாங்க? வர்ற வழியெல்லாம் பாத்தேன்."

"உங்க அண்ணன் வுட மாட்டாருங்களே! ஒரு தரம் அவரு கண்ணு முன்னாடியே ஒரு பையன் கொள்ளு மேல பைக்க வுட்டுச் சறுக்கி வுழுந்து கையி ஒடைஞ்சு போச்சு. அதுலருந்து ரோட்டுல எவ தானியம் போட்டிருந்தாலும் பஸ்ஸ நிறுத்தி, எறங்கித் திட்டிட்டுத்தான் போவாரு. பொண்டாட்டியே போட்டா சும்மா வுடுவாரா?"

"அப்ப முன்னல்லாம் எங்க காய வெப்பீங்க? உங்களுக்குக் களம்..." கேட்டுக்கொண்டே வந்த தெரசா பாதியில் நிறுத்தினாள்.

காவேரி மெதுவாகச் சொன்னார். "களத்து மேலதானுங்க இப்ப நிக்கிறோம்."

மேடாக, தட்டையாக, புல் முளைக்காமல் இருந்த அந்த இடம். புல் ஏன் முளைக்கவில்லை என்று கேட்காமல் காலால் கோடு கிழித்தவள் தெரசா. எத்தனை பேர் இருப்பீர்கள், எந்தப் பக்கம் தலை வைப்பீர்கள், எத்தனை மணிக்குச் சமைப்பீர்கள் என்று அவ்வளவு கேட்டாள். உங்கள் தானியம் எங்கே காயும் என்று மட்டும் கேட்கவில்லை. காலம் முழுக்கக் கேள்வி கேட்டே பேர் வாங்கியவளுக்கு அது வலித்தது. களம் போன பிறகு அந்தக் குடும்பத்துக்கு மிச்சமிருந்த தட்டையான இடம் மாடி ஒன்றுதான். தரையில் இருந்த களம் வீட்டோடு சேர்ந்து மேலே ஏறிவிட்டது.

பேச்சுச் சத்தம் கேட்டு, லுங்கியை இறுக்கிக்கொண்டு தீர்த்தகிரி படியேறி வந்தார். அந்த மாடிக்கு அவர் வருவது குடிபோன பிறகு அதுதான் முதல் தடவை. காலையில் வருவார், சாப்பிடுவார், படுப்பார், சாயங்காலம் போவார், மாடியில் அவருக்கு என்ன வேலை? கேழ்வரகு மேலே காய்கிறது என்று தெரியும், சாணி தெரியாது. தெரசா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றார். காவேரிக்கு முகம் வெளுத்துவிட்டது. வெள்ளை எதற்கு என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருக்கு யாரோ சொல்கிறார்கள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே" என்றார் காவேரி. "உங்க தலைக்கு மேலயா நான் நெருப்பப் பரப்பி வெச்சிருந்தேன்?"

தீர்த்தகிரி திட்டப் போகிறார் என்று தெரசா நினைத்தாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "ரோட்டுல போறவன் சறுக்கக் கூடாதுன்னு நாஞ்சொன்னேன். அது சுத்திக்கிட்டு வந்து எங்கண்ணையே சொக்க வெச்சுருக்குது பாருங்க." சிரிப்பு நடுவிலேயே நின்றது. அந்த லாரியின் பின்பக்கம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். காவேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளையை மீட்பது சுலபம். கேழ்வரகுக்கு என்ன வழி என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கிணற்று மேட்டில் மாமர நிழல் விழும். மூன்று பேரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தை நாலு பக்கமும் துழாவினார்கள். அப்போது தெரசாவின் கண் கீழே போர்டிகோவின் தலையில் விழுந்தது. கீழே பைக்குதானே நிற்கிறது என்று வெள்ளை டைல்ஸ் பதிக்காமல் விட்ட வெறும் கான்கிரீட். "அது மேல போட்டா என்னக்கா?"

"அதுலயா? மத்தியானத்துல கால வெக்க முடியாதுங்களே, அப்படிச் சுடும்" என்ற காவேரி, சொல்லி முடிப்பதற்குள் தன் பேச்சைத் தானே கேட்டுவிட்டார். "அட, அதுதான வேணும்! எடம் பத்தாது. ஆனா அந்தச் சூட்டுக்கு ஒரே நாள்ல காஞ்சுரும், மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்."

"போர்டிகோ வேணாம்னு நான்தான் உங்க கூடச் சண்டை போட்டேன்" என்றாள் தெரசா.

"போட்டீங்க போட்டீங்க" என்றார் காவேரி. அதை அனுபவித்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் தெரசா ஆபீஸுக்குத் திரும்பவில்லை. ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, சுடிதாரை மடித்துச் செருகிக்கொண்டு, மூட்டை பிடித்தாள், துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினாள். போர்டிகோ மேல் சாணி மெழுகும்போது அவள் கை போன வாகைக் காவேரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். அருள்குமாரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். சூடு ஏறிய நாட்களையும், ஏன் ஏறியது என்பதையும் மறைக்காமல் எழுதித்தான் அனுப்ப வேண்டும், மறுபடி அளக்க வேண்டும் என்றாள். "எழுது" என்றார் அவர். "களத்துல கட்டுனது நம்ம தப்புன்னும் சேத்து எழுது."

அடுத்த வாரம் அவள் போனபோதும் போன் பண்ணவில்லை. கத்திரி வெயில் ஊரையே உரித்துக்கொண்டிருந்தது. வாசல் கூட்டாமல் கிடந்தது. படியில் கழுவாத பாத்திரம், கொடியில் மடிக்காத துணி. வீட்டுக்கு வருகிறவருக்கென்று அங்கே யாரும் எதையும் ஒழுங்குபடுத்தி வைக்கவில்லை. போர்டிகோ மேல் கேழ்வரகு சிவந்து கிடந்தது, மாடியில் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. காவேரி முறத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. மேடம் என்று கூப்பிடவுமில்லை.

"வாம்மா தெரசா" என்றார், அதையும் கிசுகிசுப்பாக. "மெதுவா வா. இன்னும் எந்திரிக்கல."

மணி மூன்றரை. உள்ளேயிருந்து, சுவரின் உச்சி வெண்டிலேட்டர் வழியாக, கணவாய் ஏறும் லாரி மாதிரி ஒரு குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. சூட்டைக் குறித்துவைக்கும் கருவி அந்த அறைக்குள்தான் பீரோ பக்கத்தில் தொங்கியது. அதை எடுக்கத்தான் அவள் வந்திருந்தாள். கதவில் கையை வைத்தவள் தள்ளவில்லை. திரும்பி வந்து காவேரியின் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தின் ஒரு ஓரத்தை இழுத்துக்கொண்டாள்.

செல்போன் அதிர்ந்தது. அருள்குமார்.

"என்ன தெரசா, ரீடிங் எடுத்தியா? எவ்ளோ காட்டுது?"

"இன்னும் எடுக்கல சார்" என்றாள் வாயைப் பொத்திக்கொண்டு. "அவரு தூங்குறாரு."

"அது சரி, ரீடிங்கு?"

"அதான் சார் சொல்றேன். தூங்குறாரு."

நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஆபீஸில் உட்கார்ந்திருந்த அருள்குமாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி சரி, எழுப்பிடாத" என்றார்.